இரண்டு விரல் தளர்ந்த பெல்ட்

போன வாரம் என்னை ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிட்டு பிரியாணி போட்டீர்கள். நன்றாக இருந்தது. ரைத்தாவில் உப்பு இல்லை, அதை மன்னித்துவிட்டேன். சாப்பிடும்போது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: நம் சோதனைப் படிவத்தில் ‘எட்டவில்லை’ என்ற கட்டம் ஏன் முதலில், அதுவும் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? ‘எட்டுகிறது’ ஏன் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது? அதில் டிக் போட வேண்டுமென்றால் பக்கத்தில் எதற்கு மூன்று வரி விளக்கம்? அவள் கேட்டதும் மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தப் படிவத்துக்கு ‘மேடத்தின் சாபம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஷார்ஜா தொழில்பேட்டை டீக்கடையில் பேசுவது எதுவும் ரகசியமாகத் தங்காது.

அன்றைக்குப் பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டேன். சொல்ல ஆரம்பித்தால் பிரியாணி ஆறிவிடும். இப்போது எழுத எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ரிட்டயராகி மகனுடைய விசாவில் இருக்கிறேன். இத்தனை வருடம் அவன் என் டிபெண்டன்ட், இப்போது நான் அவனுக்கு. ஏசியை அணைத்தாயா அம்மா என்று அவன் கேட்கிற தோரணையைப் பார்க்க வேண்டுமே.

நீங்கள் விண்வெளி கம்பெனியில் வேலை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். நான் சேர்ந்தபோது இங்கே ஆம்புலன்ஸுக்கு உள்கட்டும், உல்லாசப் படகுகளுக்கு இருக்கைகளும் செய்துகொண்டிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அப்புறம் விண்கலம் கட்டுகிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, பயிற்சிக்காக ஒரு மாதிரிக் கலம் செய்துதரச் சொல்லி எங்களிடம் வந்தது. பறக்காது, ஆனால் உள்ளே எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும்.

அந்த விண்கலம் புதிதல்ல. மூன்று மூன்று பேராக விண்வெளி நிலையத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வண்டிதான். அதை நான்கு பேர் போகும்படி மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், இங்கே ஷார்ஜா ரோலாவில் ஒரு ஃப்ளாட்டின் ஹாலுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு வைத்து இன்னொரு ஆளை ஏற்றுகிற வேலை. சுவரும் கூரையும் அப்படியே இருக்கும், உள்ளே ஒரு கட்டில் கூடும். கடைசியில் பார்த்தால் உங்கள் ஏசியின் சுவிட்ச் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். இங்கேயும் அதேதான் நடந்தது. நான்காவது இருக்கைக்கு இடம் விடுவதற்காக, வலது ஓரத்தில் உட்காருபவருடைய ஆக்சிஜன் வால்வைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்கள்.

கலத்துக்குள் காற்று கசிந்துவிட்டால் அவர்கள் அணிந்திருக்கும் உடுப்பு காற்றடைத்து விறைத்துக்கொள்ளும். கையை மடக்குவதே பெரும்பாடு. அந்த நிலையில், தோளில் பெல்ட் இறுக்கிக் கட்டியிருக்க, அவரே கை நீட்டி அந்த வால்வைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் மூச்சு இல்லை. எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த ஓர இருக்கைக்காரருக்குக் கை எட்டுமா? எட்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் அசல் கலத்திலும் வால்வு அதே இடத்தில் அமைந்துவிடும்.

அந்த இருக்கையில் போகவிருந்தவர் வளைகுடா நாடு ஒன்றின் வீராங்கனை. எந்த நாடு என்று கேட்காதீர்கள். குழுவிலேயே உயரம் குறைந்தவர் அவர்தான். அப்போது வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தார், அவருடைய அளவுகள் மட்டும் எங்களுக்கு வந்தன. அந்த அளவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். பொறியாளர்கள் எல்லோரும் ஆசையாக வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் உயரத்தில் தோற்றார்கள், மீதிப் பேர் தொப்பையில். கடைசியில் உட்கார்ந்த உயரம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் தைத்து வைத்த மாதிரிப் பொருந்தியவர், தையல் இயந்திரத்தின் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

செய்யது பாய் கீழக்கரைக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடை வைத்து உட்கார்ந்திருக்க, இவருக்கு மட்டும் கல்லாவில் உட்காரப் பொறுமையில்லை என்று தையலுக்கு வந்தவர். எங்கள் இருக்கைகள், பெல்ட்டுகள் எல்லாம் அவர் கைவேலை. மாதிரிக் கலத்தின் பெல்ட்டுகளையும் அவர்தான் தைத்தார். ஒவ்வொரு தோள் பெல்ட்டிலும் மஞ்சள் நூலால் ஒரு கோடு தைத்திருக்கும். இறுக்கிக் கட்டும்போது பக்கிள் அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

நாங்கள் பயிற்சி உடுப்பை மாட்டிவிட்டு உள்ளே படுக்க வைத்தால் பாய் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவார். ஹெட்செட்டில் குறட்டை கேட்கும். உலகத்தில் வேறு எந்த விண்வெளிச் சோதனையிலும் ஆளை எழுப்பிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி இருந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இறங்கிய அன்றே கற்றுக்கொண்டிருப்பீர்கள்: மாஃபி முஷ்கில். ஒரு பிரச்சினையும் இல்லை. நான் வந்த புதிதில் வீட்டுக்குக் கதவு செய்யச் சொன்னேன். அளவு சரியா என்றேன், மாஃபி முஷ்கில் என்றார் தச்சர். கதவு வந்தது, இரண்டு அங்குலம் அகலம் கூடுதல். மாஃபி முஷ்கில் என்று நிலையைச் செதுக்கினார். அப்புறம் கதவு மூடவில்லை, அதற்கும் மாஃபி முஷ்கில்தான். அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் அது மரியாதை. பல தேசத்து ஆட்கள் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் ஒன்றாக வேலை செய்கிற இடத்தில், உன்னைச் சிரமப்படுத்த மாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நல்ல வார்த்தைதான். ஆனால் அதைச் சோதனை முடிவு என்று எடுத்துக்கொண்டு டிக் போட ஒரு பொறியாளர் வேண்டும். அந்தப் பொறியாளர் நான்.

ஆறு வாரம் சோதனை நடந்தது. பாயை உட்காரவைத்து, பெல்ட்டை மஞ்சள் கோடு வரை நானே இறுக்குவேன். கதவை மூடிவிட்டு வெளியே வந்து கணினி முன்னால் உட்காருவேன். உடுப்பில் காற்று ஏறும். உள்ளே ஒரே ஒரு கேமரா, அது கையையும் வால்வையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ஹெட்செட்டில் கேட்பேன்: “எட்டுதுங்களா பாய்?” பதில் வரும்: “மாஃபி முஷ்கில், மேடம்.” திரையில் கை போய் வால்வைத் திருப்பும். பச்சை டிக். கேமராவில் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அறிக்கை வாராவாரம் போனது, அங்கிருந்து பாராட்டு வந்தது. எங்கள் மேலாளர், பாலக்காட்டுக்காரர், அந்த மின்னஞ்சல்களை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்.

கடைசி ஆய்வுக்கு முந்தைய நாள் காலை. மறுநாள் வீராங்கனையே வந்து இருக்கையில் உட்காரப் போகிறார், அவர்கள் நாட்டு அதிகாரிகள் வருகிறார்கள், கேமராக்கள் வரும். விண்கலத்தின் தலைமைப் பொறியாளரும் வந்து, பார்த்துவிட்டு, வால்வின் இடத்துக்குக் கையெழுத்துப் போடுவார். அழுக்குப் பெல்ட் வேண்டாம், எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாம் என்றார் மேலாளர். பழையதைக் கழற்றிப் பதிவு செய்ய நான் உட்கார்ந்தேன்.

தோள் பெல்ட்டில் மஞ்சள் கோடு பளிச்சென்று புதிதாக இருந்தது. உடுப்பு விறைத்து இழுக்கும்போதுதான் பக்கிள் பெல்ட்டைக் கடிக்கும்; ஆறு வாரமாகக் கடித்ததில் அந்த இடம் நைந்திருக்க வேண்டுமே? தடவிப் பார்த்தேன். நைந்த தடம் இருந்தது. கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தளர்ந்த பக்கமாக.

பாயைத் தேடிப் போனேன். டீக்கடை வாசலில் நின்று கடக் சாய் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கூட்டிவந்து பெல்ட்டை மேசைமேல் விரித்தேன்.

“இது என்னங்க பாய்?”

“பக்கிள் கடிச்ச தடம், மேடம்.”

“கோட்டுல இல்லாம ஏன் இங்க இருக்குதுங்க?”

“கோட்டுல வச்சா எட்டாதே மேடம்.”

மழை பெய்தால் நனையும் என்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் நான் கதவை மூடியதும், காற்று ஏறுவதற்கு முன்னால், பெல்ட்டை இரண்டு விரல் தளர்த்திக்கொண்டிருக்கிறார். கதவு திறப்பதற்கு முன்னால் திரும்ப இறுக்கிவிடுவார், மேடம் வைத்த மாதிரியே இருக்க வேண்டும் என்று.

எட்டவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“சொன்னேனே மேடம். மொத நாளே சொன்னேன். நீங்கதான் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க பாய்’னு சொன்னீங்க. அதான் பண்ணிக்கிட்டேன்.”

சொல்லியிருந்தேன். அவர் சொன்ன நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதல் நாள், ஒரு காதில் ஹெட்செட், இன்னொரு காதில் போன், போனில் மேலாளர். பாய் ஏதோ சொன்னார், சீட் அசௌகரியமாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற அதே வாக்கியத்தை அவரிடமும் சொன்னேன். அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஆறு வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். வால்வு திருகுகிறதா என்பதுதான் சோதனை என்று அவர் நினைத்திருந்தார். நாங்கள் யாரும் அவருக்கு வேறு மாதிரி விளக்கியிருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட ஏன் திரும்பச் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பெல்ட்டை மடித்தபடியே சொன்னார்.

“எட்டலன்னு சொன்னா வேற ஆளப் போட்டுருவீகன்னு நெனச்சேன் மேடம். ஊர்ல பிள்ளைககிட்டச் சொல்லிட்டேன். வாப்பா ராக்கெட்டுல உக்காந்து டெஸ்ட் குடுக்குறாகன்னு அதுக ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்குக.”

அவரைத் திட்டலாம் என்று எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அங்கேயே போய்விட்டன.

கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் நின்று, பெல்ட்டைக் கோட்டில் நிறுத்திச் சோதித்தோம். உடுப்பு விறைத்தது. பாய் கையை நீட்டினார். நெற்றி நரம்பு புடைத்தது. விரல் நுனிக்கும் வால்வுக்கும் நடுவில் சரியாக இரண்டு விரல் இடைவெளி. இன்னும் எம்பப் பார்த்தார், போதும் பாய் என்றேன்.

“எட்டல, மேடம்,” என்றார். ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான முடிவு அது.

மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த மாதிரிக் கலத்தின் ஒப்பந்தம் அந்த ஆய்வில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, நாளைக்கு எதுவும் பேசாமல் இருப்பது. வீராங்கனையே உட்காரப் போகிறார், அவருக்கு எட்டிவிட்டால் விஷயம் கலாஸ். இரண்டாவது, சொல்லித்தான் தீர வேண்டும் என்றால் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுப்பது: சோதனையில் உட்கார்ந்த ஆள் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை.

இளையவர்களே, இந்த இரண்டாவது வழியை நன்றாகப் பாருங்கள். அதில் பொய் இல்லை. பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லி எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அந்த வரியை நான் டைப் செய்தேன். இத்தனை வருடம் கழித்து நல்லவள் வேடம் போட விரும்பவில்லை, டைப் செய்துவிட்டு அனுப்பும் பொத்தானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வேலை, விசா, மகன் படிப்பு எல்லாம் இருந்தது. அந்த வரி போனால் என் தலை தப்பும், பாய் அடுத்த வாரம் ஊருக்குப் போவார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் அதைவிட ஒரு பெரிய தொல்லை அந்த வரியில் இருந்தது. உட்கார்ந்தவர் பாய் என்பதால்தான் இது நடந்தது என்று அது சொன்னது. வேறு ஆள் உட்கார்ந்தால் நடக்காது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன். என் ஆறு வார முடிவுகள் எல்லாமே தவறு, பெல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கும்போது கை எட்டவில்லை, சோதனையின் முதல் நாளே இது என்னிடம் சொல்லப்பட்டது, நான் காதில் வாங்கவில்லை. நான்கு வரி. மேலாளருக்கும் நகல் போட்டுத் தலைமைப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டுக் கழிவறையில் போய் முகம் கழுவினேன்.

அன்று மாலை தலைமைப் பொறியாளர் விமான நிலையத்திலிருந்து நேராகப் பேட்டைக்கு வந்துவிட்டார். நரைத்த தலை, அதிகம் பேசாத மனிதர். பெல்ட்டின் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பாயை உட்காரச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: இது ஒருவருடைய கை. இரண்டு விரல் என்பது தோள் அமைப்பில் மாறக்கூடும். நாளைக்கு வீராங்கனையே உட்காரட்டும், அவர் கையை வைத்து முடிவு செய்கிறேன்.

நியாயமாகத்தான் தோன்றியது. ஆனாலும் நான் ஒன்று சொன்னேன்: அவரும் எட்டுகிறது என்றுதான் சொல்வார். பொறியாளர் சிரித்தார். அவர் பயிற்சி பெற்றவர் அம்மா, உள்ளதைச் சொல்லத்தான் எங்கள் ஆட்களைப் பழக்குகிறோம் என்றார். நான் வாதாடவில்லை. செய்யது பாய் கதவுப் பக்கம் நிற்க அனுமதி மட்டும் கேட்டேன். அதற்கு எதற்கு என்னிடம் கேட்கிறீர்கள் என்றார்.

மறுநாள் பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அத்தர் வாசனை ஒர்க்‌ஷாப் முழுக்க. மேலாளர் என்னிடம் பேசவில்லை. அதிகாரிகள், கொடிகள், பேரீச்சம்பழத் தட்டுகள், கேமராக்கள். வீராங்கனை வந்தார். சின்ன உருவம், கலகலப்பான முகம், எல்லோருக்கும் கை கொடுத்தார். உள்ளே படுக்கவைத்துப் பெல்ட்டை மஞ்சள் கோட்டில் நான் இறுக்கினேன். விருந்தினர் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்தே வைத்தோம். படம் எடுப்பவர்கள் முன்னால் வர, நான் சற்றுத் தள்ளி நிற்க வேண்டியதாகிவிட்டது. உடுப்பில் காற்று ஏறியது.

அவர் கையை நீட்டினார். கை போனது. வால்வைத் தொட்டது, திருப்பியது.

கைதட்டல். எப்படி இருக்கிறது என்று அவர்கள் ஊர் அதிகாரி ஒருவர் உரக்கக் கேட்டார். வீராங்கனை சிரித்துக்கொண்டே அசல் அரபியில் சொன்னார்: “மாஃபி முஷ்கிலா.”

மேலாளர் முகத்தில் ரத்தம் திரும்பியது. தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்தார், பேனாவை எடுக்கப் பையில் கை விட்டார். நேற்று எழுதிய நான்கு வரியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பாய் என்னைப் பார்ப்பதைக் கவனித்தேன். அத்தனை பேரும் வீராங்கனையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாய் மட்டும் தோளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேற்றுப் பெண், அவ்வளவு பெரிய இடத்துப் பெண், பாய் கிட்டே போகவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையைத் தூக்கி எனக்கு மட்டும் தெரியும்படி இரண்டு விரலைக் காட்டினார்.

நான் படம் எடுப்பவர்களைத் தள்ளிக்கொண்டு போய்க் குனிந்து, வீராங்கனையின் தோள் பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்தேன். தாராளமாகப் போனது.

அவர் என்னைப் பார்த்தார். கன்னம் சிவந்துவிட்டது. திருட்டுத்தனமாகச் செய்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. முன்னால் கொடி, பக்கத்தில் சொந்த ஊர் ஆட்கள், எல்லோரும் கைதட்டக் காத்திருக்கிறார்கள். காற்று ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்திருக்கிறார், எட்டவில்லை, கை தானாகப் பக்கிளுக்குப் போயிருக்கிறது. நான் அவர் காதோடு, இதைக் கோட்டில் வைத்து இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். தலையசைத்தார். காற்றை இறக்கி, இறுக்கி, திரும்ப ஏற்றினோம். இந்த முறை விரல் வால்வுக்கு முன்னால் நின்றுவிட்டது. தோளைத் திருக ஆரம்பித்தார், பாதியில் தாமே நிறுத்திக்கொண்டு கையைக் கீழே வைத்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார், எனக்கு எட்டவில்லை என்று. அந்தக் கூடத்தில் பேரீச்சம்பழம் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பேனா திரும்பப் பைக்குள் போனது.

வீராங்கனை இறங்கி வந்ததும், யார் பார்த்தது என்று என்னிடம் கேட்டார். பாயைக் காட்டினேன். தன்னைப் போலவே அவரும் தளர்த்திக்கொண்டார் என்பதை அறிந்ததும், எத்தனை நாள் என்று அரபியில் கேட்டார். பாய்க்கு அரபி நன்றாக வரும். ஆறு வாரம் என்றார் கூச்சத்தோடு. அவர் வாய்விட்டுச் சிரித்தார், என்னால் ஒரு நிமிடம்கூட மறைக்க முடியவில்லை என்று சொன்னார். பாயும் சிரித்தார். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

வால்வைப் பின்னால் இழுத்தார்கள், ஒரு நீண்ட கைப்பிடியும் சேர்த்தார்கள், கலம் சில மாதம் தாமதமாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் தலைமைப் பொறியாளர் என் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் அப்போது ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, ‘எட்டுகிறது’ என்று. அவர் அதைச் சுட்டிக்காட்டி, இதில் வேறு பதில் சொல்ல இடமே இல்லையே என்றார். நான் பதினேழு வருட அனுபவசாலி, அதுவரை கவனித்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே உங்கள் சாபத்தை எழுதினேன். அது நான் என்மீதே போட்டுக்கொண்ட சாபம். உங்கள் மீதும் கொஞ்சம் தெறித்திருக்கிறது, சகித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பீர்கள். இப்போது நீங்கள் எந்தக் கலத்துக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டீர்கள்?

எட்டுகிறதா என்று யாரையும் கேட்காதீர்கள். எங்கே எட்டவில்லை என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் போனைக் கீழே வையுங்கள். இவ்வளவுதான் நான் இந்த வேலையில் கற்றது. மீதியெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

வீராங்கனை விண்வெளிக்குப் புறப்பட்ட நாளில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கேன்டீன் டிவி முன்னால் கூடினோம். பட்டப்பகல், வெளியே அனல். பாய் முன் வரிசையில், கையில் டீ, ஊரில் பிள்ளைகளோடு போனில் வீடியோவும் போட்டு டிவியைக் காட்டிக்கொண்டிருந்தார். கிளம்புவதற்குச் சற்று முன்னால் கலத்துக்கு உள்ளே இருக்கும் கேமராவைக் காட்டினார்கள். நான்கு பேரும் படுத்திருந்தார்கள். வலது ஓரத்தில் சின்ன உருவம். அவர் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். டாட்டா காட்டப்போகிறார் என்று நினைத்தோம். கையுறை போட்ட இரண்டு விரலைத் தோள் பெல்ட்டுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார், முடியவில்லை என்பதுபோலக் கையை விரித்துக் காட்டினார்.

கேன்டீனில் யாருக்கும் புரியவில்லை. பாய் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“விரல் போகல, மேடம்,” என்றார்.

அப்புறம்தான் ஆறிப்போயிருந்த டீயைக் குடித்தார்.